கோழிக்கும் குழம்புச் சட்டிக்கும் நடுவே

நலமாக இருக்கும் கோழியின் தசைக்குள் நுண்ணுயிர்கள் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். அவை வாழும் இடங்கள் இறகு, தோல், கால், குடல் ஆகியவை. அவற்றிலும் குடலின் கடைப்பகுதியில் குருட்டுக்குடல் எனப்படும் இரண்டு பைகளில், ஒரு கிராம் கழிவுக்கு இலட்சக்கணக்கிலும் கோடிக்கணக்கிலும் அவை குடியிருக்கின்றன. ஆகவே கடையில் வாங்கும் கோழி இறைச்சி தூய்மையானதா என்று கேட்பது, உண்மையில் ஒரு வழியைப் பற்றிக் கேட்பதாகும்: குடலிலும் தோலிலும் இருந்தவை எந்த இடத்தில், எதன் மூலம் இறைச்சியில் ஏறின, ஏறியபின் அடுப்பை அடையும்வரை எத்தனை மணி நேரம் எந்த வெப்பத்தில் கிடந்தன, அதற்குள் யாருடைய கையையும் எந்தப் பாத்திரத்தையும் தொட்டன என்பதே அந்தக் கேள்வி.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் அந்த வழி இரண்டு தலைமுறைக்குள் முற்றிலும் மாறிவிட்டது. லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் வாழைக்கும் முருங்கைக்கும் அடியில் மேய்ந்த கோழியைப் பிடித்து அறுத்து, இறகு பறித்து, அடுப்பில் ஏற்றியது பழைய வழி. பல்லாயிரம் கோழிகளோடு ஒரே கொட்டகையில் ஐந்தாறு வாரம் வளர்ந்து, கூண்டுகளில் அடைபட்டு லாரியில் ஆலைக்குப் போய், ஐஸ் பெட்டியில் இறங்கி, பகாவிலோ தம்பினிலோ பசாரில் ஒரு மேசையில் கிடந்து, மோட்டார் சைக்கிளின் கூடையில் செம்பனை மரங்களுக்கு நடுவே தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்வது இப்போதைய வழி. சமையற்கட்டின் பழக்கங்களோ பெரும்பாலும் பழைய வழிக்கு ஏற்ப அமைந்தவை. இந்த இடைவெளியில்தான் நோய்க்கான இடம் இருக்கிறது.

மலேசியாவில் ஒருவர் ஆண்டுக்கு உண்ணும் கோழி இறைச்சி ஏறத்தாழ 50 கிலோ. உலகிலேயே மிக அதிகமாகக் கோழி உண்ணும் நாடுகளில் அதுவும் ஒன்று. மாட்டிறைச்சியை இந்துக்களில் பலர் உண்பதில்லை, பன்றி இறைச்சியை முஸ்லிம்கள் உண்பதில்லை என்பதால், எல்லா இனத்தாரும் ஒரே பந்தியில் உண்ணக்கூடிய இறைச்சியாகக் கோழியே அமைந்துவிட்டது. 2022 ஜூன் 1 முதல் உள்நாட்டுத் தட்டுப்பாட்டின் காரணமாக அரசாங்கம் கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது, இந்த உணவு அந்நாட்டு மக்களுக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் காட்டும். இவ்வளவு பேர் இவ்வளவு அடிக்கடி உண்ணும் ஒன்றில் சிறிய பிசகும் பெரிய எண்ணிக்கையாகப் பெருகும்.

கோழி இறைச்சியில் கவனிக்கவேண்டிய பாக்டீரியாக்களில் முதலாவது சால்மோனெல்லா. 1885ஆம் ஆண்டு அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித் என்னும் ஆய்வாளர் பன்றியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவருடைய மேலதிகாரியான டேனியல் சால்மன் என்னும் கால்நடை மருத்துவரின் பெயர் அதற்கு நிலைத்தது. இதில் 2,500க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. தோட்டத்து முதியவர்கள் அஞ்சிய டைபாய்டு காய்ச்சலைத் தருவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வகைதான் என்றாலும், அந்த வகை மனிதரிடம் மட்டுமே வாழ்கிறது, மனிதக் கழிவு கலந்த நீராலும் உணவாலும் பரவுகிறது, கோழியிடமிருந்து வருவதில்லை. கோழியிடமிருந்து வருபவை வேறு வகைகள். அவை ஆறு மணி நேரம் முதல் மூன்று நாளைக்குள் காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கிப் பெரும்பாலோரிடம் ஒரு வாரத்துக்குள் தணிந்துவிடும். குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பு குன்றியவர்கள் ஆகியோரிடம் மட்டும் அவை குடலைக் கடந்து இரத்தத்தில் புகுந்து உயிருக்கே ஊறு செய்யக்கூடும்.

இரண்டாவது, கேம்பிலோபாக்டர். வளைந்த கோல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் 1963இல் இதற்குப் பெயரிட்டார்கள். ஆனால் 1886இலேயே ஜெர்மனியில் தியோடர் எஷரிஷ் என்னும் குழந்தை மருத்துவர், வயிற்றுப்போக்கால் இறந்த குழந்தைகளின் குடலில் சுருள் வடிவ உயிர்களைக் கண்டு எழுதி வைத்திருந்தார். அவற்றை ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் முறை அப்போது எவருக்கும் தெரியவில்லை. காரணம் அந்தப் பாக்டீரியாவின் இயல்பிலேயே இருக்கிறது: நாம் மூச்சுவிடும் காற்றில் உள்ள ஆக்சிஜன் அதற்கு மிகுதி, அதில் நான்கில் ஒரு பங்குபோல இருந்தால்தான் அது தழைக்கும், அதற்கு மிகவும் உகந்த வெப்பம் 42 பாகை செல்சியஸ். கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ அதே அளவு என்பதையும், குடலில் ஆக்சிஜன் குறைவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த உயிருக்குக் கோழிக் குடலைவிடப் பொருத்தமான வீடு வேறு இல்லை என்பது விளங்கும். 1977இல் இங்கிலாந்தின் மார்ட்டின் ஸ்கிரோ எளிய வளர்ப்பு முறை ஒன்றை வெளியிட்ட பிறகுதான், உலகெங்கும் மனிதரின் வயிற்றுப்போக்குக்கு மிகப் பெரிய காரணங்களில் ஒன்று அதுவரை மருத்துவர்களின் கண்ணில் படாமலே இருந்துவந்தது என்று தெரிந்தது.

இந்த இரண்டும் நடந்துகொள்ளும் முறை ஒன்றுபோல் இல்லை. அந்த வேறுபாடு சமையற்கட்டுக்கு மிக முக்கியமானது. சால்மோனெல்லா, வெப்பமான இடத்தில் இறைச்சியின் மேலேயே பெருகும். எனவே நேரமும் வெப்பமும் அதற்குத் துணை. கேம்பிலோபாக்டர் 30 பாகைக்குக் கீழே பெருகுவதே இல்லை, சாதாரணக் காற்றில் நலிந்தும் போகும். ஆனால் நோய் உண்டாக்க அதற்குப் பெருகவேண்டிய தேவை இல்லை. 1981இல் ஓர் ஆய்வாளர் தாமே ஐந்நூறு கேம்பிலோபாக்டர்களைப் பாலில் கலந்து குடித்து நோயுற்றார். கோழியின் குருட்டுக்குடல் கழிவில் ஒரு கிராமுக்கு ஒரு கோடி இருப்பதாகக் கொண்டால், ஒரு மில்லிகிராமில், அதாவது கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சில், பத்தாயிரம் இருக்கும். கோழிக்கோ இவற்றால் பொதுவாக எந்த நோயும் இல்லை. நன்கு தின்று, நன்கு எடைபோட்டு, கால்நடை மருத்துவர் பார்வையில் குறையற்றதாகவே அது ஆலைக்கு வருகிறது. பார்த்தும் முகர்ந்தும் இறைச்சியைத் தேரும் அனுபவம் கெட்டுப்போன இறைச்சியை விலக்க உதவும்; இந்த இரண்டையும் கண்டுபிடிக்க உதவாது.

குடலில் இருந்தது இறைச்சிக்கு வரும் இடம் பெரும்பாலும் ஆலை. அறுத்து இரத்தம் வடிந்த கோழிகள், இறகு தளர்வதற்காக 50 முதல் 60 பாகை வெப்பமுள்ள நீரில் ஒன்றன்பின் ஒன்றாக முக்கியெடுக்கப்படுகின்றன. அந்த நீர் எல்லாக் கோழிகளுக்கும் பொது. அடுத்து, சுழலும் உருளைகளில் பொருத்திய நூற்றுக்கணக்கான ரப்பர் விரல்கள் இறகுகளைப் பறிக்கின்றன. மலாயாவின் பால்மரத் தோட்டங்கள் உலகுக்கு வழங்கிய அந்தப் பொருள்தான், கோழியின் உடலை அழுத்தி அதன் கழிவை வெளியேற்றி, ஒரு கோழியின் அழுக்கை அடுத்த கோழியின் தோலில் பூசும் கருவியாகவும் அங்கே ஆகிவிடுகிறது. வெந்நீரில் திறந்துகொண்ட இறகுக் குழிகள் பின்னர் குளிர்நீரில் சுருங்கும்போது, பாக்டீரியாக்கள் அவற்றுக்குள் அகப்பட்டுக்கொள்கின்றன. அதன்பிறகு குடலை எடுக்கும்போது அது கிழிந்தால் நேரடியாகவே இறைச்சியில் படும். கடைசியாக எல்லாக் கோழிகளும் ஒரே குளிர்நீர்த் தொட்டியில் மிதக்கின்றன. குளோரின் கலந்த அந்த நீர் எண்ணிக்கையைக் குறைக்கிறது என்றாலும், இறகுக் குழிக்குள் புகுந்தவற்றை அது தொடுவதில்லை.

செர்டாங்கில் இன்று புத்ரா பல்கலைக்கழகம் என வழங்கும் நிறுவனத்தைச் சேர்ந்த கூலாம் ருசூலும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1996இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மலேசியாவைப் பொறுத்தவரை இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. பசார்களில் வாங்கிய 445 பிராய்லர் கோழிகளில் 158இல், அதாவது 35.5 விழுக்காட்டில், சால்மோனெல்லா இருந்தது. பதப்படுத்தும் ஆலைகளிலிருந்து எடுத்த 104இல் 52, அதாவது சரிபாதியில் இருந்தது. பசாரைவிட ஆலை அசுத்தமானது என்று இதைப் படித்துவிடக் கூடாது. இருவேறு இடங்களில் வெவ்வேறு எண்ணிக்கையில் எடுத்த மாதிரிகளை அப்படி ஒப்பிட முடியாது. எஃகு மேசையும் வெள்ளை உடுப்பும் குளிர்பதனமும் இருப்பதாலேயே குடல் உயிர்கள் நீங்கிவிடுவதில்லை என்பதை மட்டும் அந்த எண்கள் உறுதியாகச் சொல்கின்றன. இருபது, முப்பது ஆண்டுகளில் ஆலைகள் மேம்பட்டிருக்கக்கூடும். ஆனால் வெந்நீர், ரப்பர் விரல், பொதுத்தொட்டி என்னும் அடிப்படை வரிசை அப்படியே இருக்கிறது.

பழைய வழியில் கோழி தூய்மையாக இருந்தது என்று நினைப்பதும் தவறு. லயத்துக் கோழி குப்பையைக் கிளறியது, சாக்கடையில் நீர் குடித்தது. அதன் குடலிலும் இதே பாக்டீரியாக்கள் வாழ்ந்திருக்கும். ஆனால் அங்கே ஒரு கோழியின் அழுக்கு அந்த ஒரு கோழியோடு நின்றது. வெந்நீரில் முக்கிக் கையால் இறகு பறித்தபின், எஞ்சிய பூவிறகு போகக் கோழியை நெருப்பில் வாட்டி, மஞ்சள் தடவித் தேய்த்து, மறுபடியும் வாட்டும் வழக்கம் இருந்தது. தோல் கருகாமலும் நிறம் மாறும்வரையும் தீயில் திருப்பப்படும் அந்தச் சில நிமிடங்களில், தோலின் மேற்பரப்பில் இருப்பவை பெருமளவு அழிகின்றன. ஆலைக் கோழி அந்தத் தீயைப் பார்ப்பதே இல்லை. அதற்கும் மேலாக, அறுத்த கோழி ஒரு மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் இரண்டு மணி நேரத்துக்குள், கொதிக்கும் குழம்பில் இருந்தது. பல தோட்டங்களில் மாலையில் சில மணி நேரம் மட்டுமே ஜெனரேட்டர் ஓடிய காலத்தில், இறைச்சியை வைத்திருக்க வழியே இல்லாததால், அந்த வேகம் விருப்பத்தால் வந்ததன்று, கட்டாயத்தால் வந்தது. முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் நேர்ந்த கோழி கோயில் முன்பே அறுபட்டு, அங்கேயே வெந்து, அங்கேயே பந்தியில் பரிமாறப்பட்டதும் அதே கணக்கில்தான் சேரும்.

ஓர் உணவுப் பழக்கம், அதைக் கைக்கொள்பவர் காரணம் அறியாமலே அவரைக் காப்பதற்கு இந்த மாநிலத்திலேயே ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரம்பானில் மாநில அரசு மருத்துவராக இருந்த பிராடன், கைகால் மரத்து நரம்பு தளர்ந்து உயிரைக் கொல்லும் பெரிபெரி நோய், தீட்டிய வெள்ளரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டும்போது, புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அணுகுவது அரிது என்று கவனித்து, 1907இல் நூலாகவே எழுதினார். அரிசியில் வளரும் பூஞ்சையின் நச்சே காரணம் என்று அவர் கொண்டது பிழை. ஆனால் கவனிப்பு பிழையன்று. அதே ஆண்டில் தொடங்கிய சோதனையில் ஃபிரேசர், ஸ்டேன்டன் என்னும் இருவர், ஜெலபு வட்டாரத்தின் டூரியான் திப்புஸில் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளர்களை இரு பிரிவாக்கி வெவ்வேறு அரிசி கொடுத்துப் பார்த்து, வேறுபாடு அரிசியில்தான் என்று நிறுவினார்கள். பின்னர் கோலாலம்பூரில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி கொடுத்து அவற்றுக்கும் நரம்புத் தளர்ச்சி வருவதைக் கண்டு, தவிட்டில் இருக்கும் ஒரு சத்தின் குறைவே நோய் என்ற முடிவுக்கு நெருங்கினார்கள். நெல்லைப் புழுக்கும்போது அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. புழுக்கியவர்களுக்கு அது தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இருக்கவில்லை. கோழியை உடனே சமைத்ததும் தீயில் வாட்டியதும் அப்படிப்பட்ட காப்புகளே. சூழல் மாறியபோது காப்பு கழன்றது; பழக்கத்தின் வெளித்தோற்றம் மட்டும் எஞ்சியது.

எஞ்சியவற்றில் முதலில் பார்க்கவேண்டியது நேரம். நெகிரி செம்பிலானில் பகல் வெப்பம் 32, 33 பாகையைத் தொடும். இரவிலும் 23க்குக் கீழே அதிகம் இறங்காது. ஆக, பசார் மேசையில் ஐஸ் உருகியபின் கிடக்கும் இறைச்சிக்கு நாள் முழுவதும் பாக்டீரியா பெருகும் வெப்பம்தான். சால்மோனெல்லா 30 பாகையைத் தாண்டிய வெப்பத்தில் அரை மணிக்கு ஒருமுறை இரட்டிப்பதாக வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்தில் ஒன்று 256 ஆகும், ஆறு மணி நேரத்தில் 4,096 ஆகும். தொடக்கத்தில் அது சற்றே தாமதித்துத்தான் பெருகத் தொடங்கும் என்பதால் நடைமுறையில் இந்த எண்கள் குறையலாம்; ஆனாலும் காலை ஏழு மணிக்கு வாங்கியதைப் பிற்பகல் வேலை முடிந்து வந்து சமைப்பதற்கும், வாங்கியவுடன் குளிர்பெட்டியில் வைப்பதற்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பதை அவை காட்டுகின்றன. 5 பாகைக்குக் கீழே சால்மோனெல்லா பெருகுவது நின்றுபோகிறது. 60 பாகைக்கு மேலே அது சாகத் தொடங்குகிறது. இடையில் உள்ளதை உணவுத் துறையினர் ஆபத்து எல்லை என்பார்கள். வெளிச்சந்தையில் வாங்குபவர் மற்றச் சாமான்களை எல்லாம் வாங்கிவிட்டுக் கடைசியில் கோழியை வாங்குவதும், அதற்கென்று ஐஸ் போட்ட ஒரு பெட்டியைக் கொண்டுபோவதும் சிறிய செயல்கள்தாம். ஆனால் மேற்சொன்ன கணக்கில் குறைக்கும் ஒவ்வோர் அரை மணியும் எண்ணிக்கையைப் பாதியாக்கும்.

உறையவைப்பது பாக்டீரியாக்களைக் கொல்வதில்லை, பெரும்பாலும் தூங்கவைக்கிறது. சால்மோனெல்லா உறைநிலையில் மாதக்கணக்கில் பிழைத்திருக்கும். கேம்பிலோபாக்டர் மட்டும் அதைத் தாங்காமல் பெருமளவு குறைகிறது. உறைந்த கோழியைக் காலையில் தண்ணீர்ச் சட்டியில் போட்டுவிட்டு வேலைக்குப் போகும் வழக்கத்தில், உள்ளே கல்லாக இருக்கும்போதே வெளிப்புறம் அறை வெப்பத்துக்கு வந்துவிடுகிறது. முதல் நாள் இரவே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், வடியும் நீர் வேறெதிலும் சொட்டாதபடி ஆழமான பாத்திரத்தில் வைத்து இளக்குவதுதான் சரியான முறை.

அடுத்தது கழுவுதல். இது தமிழ்ச் சமையற்கட்டில் வெறும் சுத்தத்தைச் சேர்ந்ததாக மட்டும் இல்லை. மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று நீர் மாற்றிக் கழுவாத கோழியைச் சட்டியில் போடுவதை எந்தத் தாயும் மாமியாரும் ஏற்கமாட்டார்கள். மலாய்க்காரர் வீடுகளில் புளியோ எலுமிச்சையோ அந்த இடத்தில் இருக்கும். கவிச்சி நீங்குவதும், இரத்தமும் எலும்புத் துகளும் போவதும் உண்மை. ஆனால் மஞ்சளில் உள்ள குர்க்குமின் நீரில் கரைவதே அரிது, சில நிமிடத் தேய்ப்பில் இறகுக் குழிக்குள் இருக்கும் சால்மோனெல்லாவை அது கொல்லாது. எலுமிச்சைப் புளிப்பு மேலோட்டமாகச் சிலவற்றைக் குறைக்கலாம், அவ்வளவே. மறுபுறம், கழுவிய நீர் போகும் இடமெல்லாம் பாக்டீரியா போகிறது. 2019இல் அமெரிக்க வேளாண்துறை வெளியிட்ட ஆய்வில், தீங்கற்ற ஓர் அடையாள பாக்டீரியாவைப் பூசிய கோழித் துண்டுகளைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னார்கள்: கழுவியவர்களில் 60 விழுக்காட்டினரின் கழுவுத் தொட்டியில் அது இருந்தது, தொட்டியைத் துலக்கிய பின்னும் 14 விழுக்காட்டினரிடம் எஞ்சியது, 26 விழுக்காட்டினரின் பச்சைக் காய்க் கலவையில் அது ஏறியிருந்தது. கழுவாதவர்களிலும் 31 விழுக்காட்டினரின் காய்க் கலவையில் அது இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அங்கே குற்றவாளி நீர் அன்று, சரியாகக் கழுவாத கை.

இதிலும் பழைய வழிக்கும் புதிய வழிக்கும் ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. லயத்தில் கோழி கழுவப்பட்டது வீட்டுக்கு வெளியே, குழாயடியில், ஒரு பேசினில் தேக்கிய நீரில். அந்த நீர் வாழைக்குப் போனது. இப்போது தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதிகளின் வீடுகளில், கழுவி அடுக்கிய தட்டுகளுக்கும் தம்ளர்களுக்கும் பக்கத்தில், உயரமான குழாயிலிருந்து வேகமாக விழும் நீரின் கீழ் கழுவப்படுகிறது. 2022இல் வெளிவந்த ஓர் இயற்பியல் ஆய்வு, குழாய் உயர உயரத் தெறிப்பு கூடும் என்பதையும், கோழியின் மென்மையான தோலில் நீர்விழும் இடம் குழிவதால் தெறிப்பு இன்னும் மிகும் என்பதையும் காட்டியது. எனவே கழுவத்தான் வேண்டும் என்று மனம் கேட்கும் வீட்டில், பேசினில் நீரைத் தேக்கி அதற்குள் மெதுவாக அலசி, தொட்டியையும் கைகளையும் சோப்பால் தேய்த்து, தொட்டியை வெந்நீரும் குளோரினும் கொண்டு துடைப்பதே பொருத்தமானது. வழக்கத்தை விட்டுவிடு என்று மட்டும் சொல்லும் அறிவுரை இதுவரை எந்தச் சமையற்கட்டிலும் பலித்ததில்லை.

கையும் கத்தியும் பலகையும் வழியாகப் பச்சை இறைச்சியிலிருந்து வேறோர் உணவுக்குப் பாக்டீரியா போவதைக் குறுக்கு மாசு என்பார்கள். புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனை, பச்சைக் கோழி வெட்டிய மரப்பலகையிலிருந்தும் பிளாஸ்டிக் பலகையிலிருந்தும் வெந்த கோழிக்குக் கேம்பிலோபாக்டர் போவதைக் காட்டியது. தமிழர் வீட்டில் இதற்கு மிக எளிதில் ஆளாவது, பிரியாணிக்குத் துணையாக வைக்கும் வெள்ளரி வெங்காயப் பச்சடி. கோழி வெட்டிய அதே பலகையில், அதே கத்தியால், கடைசி நேரத்தில் அரியப்பட்டு, தயிரோடு கலந்து, சூடே படாமல் இலைக்கு வருவது அது. பச்சடியை முதலில் அரிந்து மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் பிறகு கோழியை எடுப்பது என்று வேலையின் வரிசையை மாற்றினாலே, ஒரு பலகை மட்டும் உள்ள வீட்டிலும் பெரும்பகுதி ஆபத்து குறைந்துவிடுகிறது.

குழம்பு கொதித்துவிட்டால் இவ்விரண்டு பாக்டீரியாக்களின் கதையும் முடிந்தது. 70 பாகை வெப்பம் துண்டின் நடுப்பகுதியில் இரண்டு நிமிடம் நின்றாலே போதும்; கொதிக்கும் குழம்பில் சிறு துண்டுகள் அதைத் தாண்டி அரை மணி நேரம் வேகின்றன. கோழிக் குழம்பு உண்பவரை இந்த வகையில் காப்பதுபோல வேறு சமையல் முறை அரிதாகவே காக்கும். சூடு போதாமல் போவது, முழுசாக இளகாத தொடையை வறுக்கும்போதும், தணலில் வெளிப்புறம் கருகி உள்ளே இளஞ்சிவப்பாக எடுக்கும்போதும், பெரட்டலில் கனமான துண்டுகளை நீரில்லாமல் அவசரமாகப் புரட்டும்போதும்தான். 2013 அக்டோபரில் கெடா மாநிலத்தில் ஒரு திருமண விருந்தில் ஆயாம் மாசாக் மேரா என்னும் சிவப்புக் கோழிக் கறியை உண்டவர்களில் நால்வர் இறந்தார்கள், பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சால்மோனெல்லா காரணம் என்று தெரியவந்தது. நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும்போது இறைச்சி வெட்டப்படுவது முதல் பரிமாறப்படுவது வரை கழியும் நேரம் எப்படியும் நீள்கிறது; வீட்டுச் சமையலில் பெரிதாகத் தோன்றாத பிசகு அங்கே பந்தி முழுவதற்கும் பரவுகிறது.

கொதிப்பையும் தாங்கும் ஒன்று உண்டு. கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சென்ஸ் என்னும் பாக்டீரியா, சூழல் கடுமையாகும்போது வித்துபோன்ற கெட்டியான உறைக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அந்த வித்து கொதிநீரிலும் பிழைக்கும், சூடு அதை எழுப்பிவிடவும் செய்யும். குழம்பு ஆறத் தொடங்கி 45 பாகையை நெருங்கும்போது, கொதித்ததால் ஆக்சிஜன் நீங்கிய அந்தக் குழம்பு அதற்கு மிகவும் உகந்த இடமாகிறது. அங்கே அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிக்கும். சின்னச் சட்டி விரைவில் ஆறிவிடும். கோயில் விருந்தின் அண்டாவோ விடியும்வரை வெதுவெதுப்பாகவே இருக்கும்; மறுநாள் காலையில் அதைச் சற்றே சுடவைத்துப் பரிமாறினால், வயிற்றைப் பிசையும் வலியோடு பலர் ஒரே நாளில் படுக்கிறார்கள். மீந்த குழம்பை அகலமான தாழ்ந்த பாத்திரங்களில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் கொண்டுபோவதும், மறுநாள் அதை மீண்டும் தளதளவென்று கொதிக்கவைப்பதும் அதற்கான மருந்து.

வயிற்றுப்போக்கோடு முடிந்துவிட்டால் இவ்வளவு கவலை வேண்டியதில்லை. கேம்பிலோபாக்டரின் வெளி உறையில் உள்ள சர்க்கரைச் சங்கிலி, மனித நரம்பின் மேலுறையில் உள்ள ஒரு சங்கிலியைப் போலவே இருக்கிறது. நுண்ணுயிரைத் தாக்க உடல் செய்யும் எதிர்ப்பொருள், சிலரிடம் அந்த ஒற்றுமையால் ஏமாந்து சொந்த நரம்பையே தாக்குகிறது. கில்லன்-பாரே நோய் எனப்படும் அதில் காலில் தொடங்கும் தளர்ச்சி மேலேறி, மூச்சுத் தசைகளையும் முடக்கக்கூடும். ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் அது வருகிறது. ஆனால் செம்பனைக் குலை வெட்டுகிற, பால் வெட்டுகிற ஒருவருக்கு அது வந்தால், மாதக்கணக்கில் அந்த வீட்டுக்கு வருமானம் இல்லை. இங்கே ஃபிரேசரும் ஸ்டேன்டனும் கோழிகளிடம் பார்த்த நரம்புத் தளர்ச்சி நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. காரணம் வேறு, வழி வேறு, ஆனால் கோழியும் நரம்பும் இந்த மண்ணில் இரண்டாம் முறை சந்திக்கின்றன.

மருந்துக்கு அடங்காமை இதைவிடப் பெரிய கவலை. கொட்டகைகளில் நோய் வராமலும் எடை கூடவும் தீவனத்தில் சேர்க்கப்பட்ட நுண்ணுயிர்க்கொல்லிகள், அவற்றைத் தாங்கும் பாக்டீரியாக்களைத் தேர்ந்து வளர்த்தன. மற்ற மருந்துகள் தோற்றபின் மருத்துவமனைகள் கடைசியாகக் கையிலெடுக்கும் கொலிஸ்டின் என்னும் மருந்தை எதிர்க்கும் மரபணு ஒன்று, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடியதாக இருப்பது 2015இல் சீனாவில் பன்றியிலும் கோழியிலும் கண்டறியப்பட்டது. மலேசியக் கோழிகளிலும் அது இருப்பது பின்னர் தெரியவந்தது. 2019 ஜனவரி 1 முதல் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதை மலேசியா தடை செய்தது. அது காலத்தால் எடுத்த நல்ல முடிவு. ஆனால் ஒரு மருந்தை நிறுத்துவதால் ஏற்கெனவே பரவிய மரபணு மறைந்துவிடாது.

சமையற்கட்டைப் பற்றி இவ்வளவு சொல்வதில் ஒரு நியாயக் குறைவும் உண்டு. கோழியைக் கொண்டுவந்தவர்கள் பலர். பொறுப்பு மட்டும் கடைசியில் அடுப்பருகே நிற்கும் பெண்ணின் கையில் வந்து நிற்கிறது. பிற நாட்டு அனுபவம் வேறு திசையைக் காட்டுகிறது. 1999 ஜூனில் பெல்ஜியத்தில் தீவனத்தில் டையாக்சின் என்னும் நச்சு கலந்ததால், உள்நாட்டுக் கோழியும் முட்டையும் கடைகளிலிருந்து சில வாரங்கள் அகற்றப்பட்டன. அந்த வாரங்களில் கேம்பிலோபாக்டர் நோயாளிகள் 40 விழுக்காடு குறைந்தார்கள். மக்கள் கை கழுவும் முறையில் ஒரு மாற்றமும் இல்லை, கோழி மட்டும் இல்லை. ஐஸ்லாந்தில் உறைந்த கோழிக்குப் பதிலாகப் புதுக்கோழி விற்பனைக்கு வந்தபின் நோய் ஏறி 1999இல் உச்சத்தை எட்டியது. அதன்பிறகு ஒவ்வொரு கொட்டகையையும் அறுக்கும் முன்பே சோதித்து, பாக்டீரியா உள்ள கொட்டகையின் கோழியை உறைந்த இறைச்சியாக மட்டுமே விற்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள், எண்ணிக்கை விரைவில் சரிந்தது. உறைந்த கோழிக்கு விலை குறைவு என்பதால், பண்ணைக்காரருக்கே தம் கொட்டகையைத் தூய்மையாக வைப்பதில் ஆதாயம் உண்டாயிற்று. நெகிரி செம்பிலானின் எல்லையை ஒட்டி, சாலாக் திங்கியில், கால்நடைத் துறையின் பொதுச் சுகாதார ஆய்வுக்கூடமே இருக்கிறது. சோதிக்கும் அறிவும் கருவியும் நாட்டில் இல்லாமல் இல்லை.

இருந்தும் தோட்டங்களில் எத்தனை பேர் கோழியால் நோயுறுகிறார்கள் என்பது எந்தப் பதிவேட்டிலும் முழுமையாக ஏறுவதில்லை. 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி உணவு நச்சேற்றம் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோய். ஆனால் பந்தியில் ஐம்பது பேர் விழுந்தால்தான் அது உணவு நச்சேற்றமாகப் பெயர் பெறுகிறது. 1998ஆம் ஆண்டின் இறுதியிலும் 1999இலும் போர்ட்டிக்சனை அடுத்த புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அது முதலில் கொசுவால் வரும் பழைய ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தத் துயரின் நடுவில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் புதிய வைரசைப் பிரித்தெடுத்தார், சுங்கை நிப்பா என்னும் சிற்றூரின் பெயர் அதற்கு வந்தது. கூட்டமாகச் சாவு நேர்ந்ததால் அந்த நோய்க்குப் பெயர் கிடைத்தது. கோழியால் வரும் நோயோ வீட்டுக்கு ஒருவராக, வாரத்துக்கு ஒருவராக வருகிறது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு கிளினிக்குக்கு வரும் தோட்டத் தொழிலாளிக்கு உப்புச் சர்க்கரைப் பொடியும் வயிற்றுவலி மாத்திரையும், கேட்டால் ஒரு நாள் விடுப்புச் சீட்டும் கிடைக்கும். அவருடைய மலம் சோதனைக்கு அனுப்பப்படுவது அரிது. அனுப்பினாலும், ஆக்சிஜன் குறைத்த காற்றும் 42 பாகைப் பெட்டியும் இல்லாத ஆய்வுக்கூடத்தில் கேம்பிலோபாக்டர் வளராது.